காக்கிச் சட்டை போட்டவங்க யார்கிட்ட பேசுவாங்க?

இன்னைக்குத் தலைப்பைக் கேட்டதும், "போலீசுக்குத் தெரபியா? அவங்ககிட்ட அடி வாங்கினவங்களுக்கு முதல்ல கொடுங்க"ன்னு சிலருக்குத் தோணும். நியாயமான பேச்சுதான். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் நடந்ததை நாம யாரும் மறக்கல. அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல இந்த வேலைக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்.

தண்டவாளத்துல ஒரு உடல் கிடக்கு. ரயில்ல போற நாம முகத்தைத் திருப்பிக்கலாம். அங்க வர்ற போலீஸ்காரரால முடியாது. காயம், எலும்பு முறிவு, கன்றிப்போன இடம் எல்லாத்தையும் பார்த்து எழுதணும்னு சட்டமே சொல்லுது. அப்புறம் உடலோட ஜி.ஹெச். போகணும். போஸ்ட்மார்ட்டம் முடியற வரை காத்திருக்கணும். சொந்தக்காரங்க வந்து கதறும்போதும் அங்கேயே நிக்கணும். அடுத்த நாள் காலையில திருவிழா பந்தோபஸ்து இருக்கும். நடுவுல இதைப் பத்திப் பேச ஒரு நிமிஷம்கூட இருக்காது.

இன்னொரு உதாரணம். 2012ல வந்த போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையோட வாக்குமூலத்தை முடிஞ்ச வரைக்கும் எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரிதான் வாங்கணும். அதுவும் யூனிஃபார்ம் இல்லாம. குழந்தை பயப்படக்கூடாதுங்கிறதுக்காக வெச்ச நல்ல விதி. ஆனா அந்தக் குழந்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாம கேட்டு எழுதின அந்த எஸ்.ஐ. வீட்டுக்குப் போய் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, கேட்டதை எங்க இறக்கி வைப்பாங்க?

இப்படி ஒண்ணைப் பார்த்த பிறகு சில நாள் தூக்கம் கெடுறதும் திடுக்கிட்டு எழறதும் இயல்பு. பெரும்பாலானவங்களுக்குத் தானாவே அடங்கிடும். ஒரு மாசத்துக்கு மேலயும் அந்தக் காட்சி கனவுல வருது, அந்தத் தெரு வழியா போகவே முடியல, சின்ன சத்தத்துக்கும் உடம்பு விறைக்குதுன்னா, அது பி.டி.எஸ்.டி.யா இருக்கலாம். 1980ல இருந்து மருத்துவத்துல பேர் உள்ள நோய் அது. மனவலிமைக் குறைவு இல்ல.

சிகிச்சை இருக்கா? இருக்கு. சம்பவம் நடந்த உடனே எல்லாரையும் உட்கார வெச்சு ஒரே தடவை பேச வைக்கிற முறை ஒண்ணு ரொம்ப நாள் பிரபலமா இருந்தது. அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கலன்னு பின்னாடி ஆய்வுகள்ல தெரிஞ்சது. பலன் தர்றது வேற. பயிற்சி பெற்ற ஒருத்தரோட, பொதுவா 8 முதல் 12 அமர்வு வரை, அந்த நினைவைப் பாதுகாப்பான இடத்துல கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொள்ற சிகிச்சை. கண் அசைவைப் பயன்படுத்துற இ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. நினைவு அழியாது. ஆனா அது 'இப்போ நடக்குது'ங்கிற இடத்துல இருந்து 'அன்னைக்கு நடந்தது'ங்கிற இடத்துக்கு நகரும்.

தமிழ்நாட்டுல எதுவுமே செய்யலன்னு சொல்ல முடியாது. 2018ல பெங்களூரு நிம்ஹான்ஸோட சேர்ந்து, குடும்பத்தினரையும் உள்ளடக்கி, காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கினாங்க. 2021ல காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு அரசு அறிவிச்சது. ஓய்வையும் சிகிச்சையோட சேர்த்துத்தான் பார்க்கணும். தூங்காத ஆளுக்கு எந்த கவுன்சலிங்கும் வேலை செய்யாது.

அப்புறம் ஏன் போகத் தயங்குறாங்க? 'யாருக்குத் தெரியும்?'ங்கிற ஒரு கேள்விதான். ஸ்டேஷன்ல தெரிஞ்சா 'மெண்டல்'னு பேர் விழும், நல்ல போஸ்டிங் போயிடும், துப்பாக்கியை வாங்கி வெச்சிடுவாங்கங்கிற பயம். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமா வைக்கிற உரிமையைத் தருது. ஆனா சட்டப் புத்தகத்துல இருக்கிற உரிமை, ரோல் கால்ல நிக்கிற ஆளுக்கு நம்பிக்கையா மாறணும். அதனால கவுன்சலர் துறைக்கு வெளியே இருக்கணும், யார் வந்தாங்கன்னு மேலதிகாரிக்குப் பட்டியல் போகக்கூடாதுங்கிறது என் கருத்து.

இப்போ முதல் கேள்வி. தெரபி யாருக்கும் மன்னிப்புக் கடிதம் இல்ல. லாக்கப்ல அடிக்கிறதுக்கு மன அழுத்தத்தைக் காரணமா சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன். அது அதிகாரமும், கேட்க ஆளில்லங்கிற தைரியமும் சேர்ந்து செய்யற குற்றம். அதுக்கு வழக்கும் தண்டனையும்தான். ஆனா எப்பவும் ஆபத்தையே எதிர்பார்த்து விறைச்சுப்போன ஒருத்தருக்கு, சாதாரணமா குரல் உயர்த்திப் பேசறவர்கூட எதிரியாத் தெரியலாம். ராத்திரி வண்டியை நிறுத்துறவர் தூங்கினவரா, உடைஞ்சு போனவராங்கிறது நமக்கும் சேர்த்துத்தான் முக்கியம். பொறுப்புக்கூறலையும் கேட்போம், சிகிச்சையையும் கேட்போம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தடுக்காது.

உங்க வீட்டுல அப்பாவோ அக்காவோ இந்த வேலையில இருந்தா, "இன்னைக்கு என்ன கேஸ்?"னு தோண்டாதீங்க. "ராத்திரி தூங்கினீங்களா?"ன்னு கேளுங்க. பதில் வர நாளாகும், பரவாயில்ல. டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அதை ஒரு சீட்டுல எழுதி அவங்க பர்ஸ்ல வெச்சிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.