கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி



அவசரம் சொல்லிவிட்டா வருகிறது? ஒரு நகரத்தில் ஒரு கொத்தனார் குடும்பம் வாடகைக்குக் குடியிருந்தது. 11 மாத ஒப்பந்தம். ஏழு மாதம் முடிந்தபோது ஊரிலிருந்து செய்தி வந்தது. அவருடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டும்.

வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "மீதி நாலு மாத வாடகையைக் கொடு. இல்லையென்றால் அட்வான்ஸ் கிடையாது" என்றார்.

கொத்தனார் கலங்கிப் போனார். அவர் மனைவி மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். பெட்டியில் இருந்த ஒப்பந்தத்தை எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "ஒரு மாதம் முன்பாக எழுதிக் கொடுத்து இரு தரப்பாரும் விலகலாம்."

அவரே கடிதம் எழுதினார். தேதி போட்டார். நகலில் வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்கினார். அந்த ஒரு மாத வாடகை போக, மீதி அட்வான்ஸ் கைக்கு வந்தது.

அந்த வரி இல்லாதிருந்தால்? நோய், வேலை மாற்றம் என்று காரணம் சொன்னால் மட்டும் காலம் குறித்த ஒப்பந்தம் முடிந்துவிடாது. வீட்டுக்காரரோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆகவே, அந்த வரியை முதலிலேயே கேட்டு எழுத வையுங்கள்.

எழுத்தே இல்லாமல் குடியிருந்தால்? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதை மாத வாடகையாகக் கொள்கிறது. 15 நாள் முன்பாக எழுதிக் கொடுத்து விலகலாம்.

தீ, புயல், வெள்ளம் வந்து வீடு இனிக் குடியிருக்கவே முடியாதபடி அழிந்தால்? சேதத்துக்குக் குடியிருப்பவர் காரணமாக இருக்கக் கூடாது. அப்போது அவர் விரும்பினால் ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்ல, அதே சட்டம் இடம் தருகிறது.

பல மாநிலங்களுக்குத் தனி வாடகைச் சட்டமும் உண்டு. சந்தேகம் வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு.

வீட்டைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறீர்கள். ஒப்பந்தத்தையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.