சிவிலா, கிரிமினலா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



போன மாதம் ஒரு குழுவுக்கு நாங்கள் போயிருந்தபோது, ஒரு உறுப்பினரின் மகள் புத்தகத்தோடு ஓடி வந்தாள். "அக்கா, நாளைக்குப் பரீட்சை. உரிமையியல் சட்டம், குற்றவியல் சட்டம்னா என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தோம். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு சகோதரி நிமிர்ந்து, "இதத்தான் சிவில், கிரிமினல்னு சொல்றாங்களா? இது தெரியாமத்தானே எட்டு மாசம் ஸ்டேஷனுக்கு நடந்தேன்" என்றார்.

அவருடைய கணவர் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய ஒன்றரை ஏக்கர் நிலம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். காரியம் முடிந்த கையோடு கொழுந்தனார் வரப்பை வெட்டி, நிலத்தைத் தன்னோடு சேர்த்து உழுதுவிட்டார். ஸ்டேஷனில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "இது சிவில் மேட்டர்மா." சிவில் என்றால் எங்கே போகணும் என்று யாரும் சொல்லவில்லை.

சொத்து, பாகம், வரப்பு, கொடுத்த கடன், ஜீவனாம்சம், இதெல்லாம் சிவில். ஒருவருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்கிற வழக்கு. பாதிக்கப்பட்டவர்தான் கோர்ட்டில் போட வேண்டும். நிலம் என்றால் அதன் மதிப்பைப் பார்த்து முன்சீப் கோர்ட்டிலோ சப் கோர்ட்டிலோ போடுவார்கள். அடி, வெட்டு, திருட்டு, வரதட்சணைக் கொடுமை, இவை கிரிமினல். இதில் அரசாங்கமே வழக்கை நடத்தும், அரசு வக்கீல் வாதாடுவார். முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட், கொலை போன்றவை செஷன்ஸ் கோர்ட். அதற்கு மேலே சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றம், பிறகு டெல்லியில் உச்ச நீதிமன்றம்.

ஒரே சண்டையில் இரண்டும் வரலாம் என்பதைக் கவனியுங்கள். நிலம் யாருடையது என்பது சிவில். அதே வரப்பில் நின்று கேட்டதற்கு ஒருவர் அரிவாளால் கையை வெட்டினால் அது கிரிமினல். அப்போது "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். (2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பெயர் எங்கள் வாயிலும் இன்னும் நுழையவில்லை!)

வீட்டுக்குள் நடக்கிற கொடுமைக்கு 2005ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடமே உத்தரவு கேட்கலாம்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். 1987ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமானச் சான்றிதழ் கேட்டு அலைய விட்டால், பெண் என்பதே தகுதி என்று சொல்லுங்கள். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். கோர்ட்டில் இருக்கிற வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாக முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அதனால் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கட்டப் பஞ்சாயத்தில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தவர்கள் நம் குழுக்களிலேயே உண்டு.

அந்தச் சகோதரியோடு நாங்களும் போனோம். கோர்ட் வளாகத்தில் எந்தக் கட்டடம் என்று தெரியாமல் முதலில் நாங்களே முழித்தோம், அதையும் சொல்லத்தானே வேண்டும். இலவச வக்கீல் காகிதங்களைப் பார்த்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவரின் அந்த நிலத்தில் மனைவி, பிள்ளைகள், கணவரின் தாயார் ஆகியோருக்குச் சம பங்கு, இவர்கள் இருக்கும்போது தம்பிக்குப் பங்கு இல்லை என்றார். கிரயப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் கேட்டார். முதல் இரண்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. மூன்றாவதற்குத் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அது வந்ததும் வழக்குப் போடுகிறார்கள். முதல் வாய்தாவுக்குக் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போவதாகத் தீர்மானம் எழுதியாகிவிட்டது.