சினிமாவில் வந்த சிப்பாயும் பதிவேட்டில் இருந்த சிப்பாயும்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் படித்தது விஞ்ஞானம். பார்த்தது சர்க்கார் உத்தியோகம். ஒரு விஷயத்தைக் கேட்டவுடன் நம்பாமல், அது எதில் எழுதியிருக்கிறது, எப்போது எழுதினார்கள் என்று பார்க்கும் பழக்கம் இரண்டிலும் வந்தது. இன்று ஒரு சாதாரண காலாட்படைச் சிப்பாயை அப்படிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1964-ல் வெளிவந்த ‘ஸூலு’ என்ற ஆங்கிலப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் 1879 ஜனவரி 22, 23 தேதிகளில் நடந்த சண்டைதான் கதை. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 150 பேர். எதிரே 3,000-க்கும் மேற்பட்ட ஸூலு வீரர்கள். படத்தில் ஹென்றி ஹூக் என்று ஒருவன் வருவான். குடிகாரன்; வேலைக்கு டிமிக்கி கொடுக்க ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன்; கடைசியில் வேறு வழியில்லாமல் துப்பாக்கி எடுப்பவன். ஜேம்ஸ் பூத் என்ற நடிகர் நன்றாகவே செய்திருந்தார்.

ஆனால் ஹூக் கற்பனைப் பாத்திரம் அல்ல. அவர் வாழ்ந்த மனிதர். காகிதங்கள் சொல்லும் ஹூக்கைப் பார்ப்போம்.

1850-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகருக்கு அருகே சர்ச்சம் என்ற கிராமத்தில் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் ஆல்ஃபிரட் ஹென்றி. பட்டாளத்தில் வெறும் ஹென்றி. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று அவதிப்பட்ட நமக்கு இது புதிதல்ல! உள்ளூர் மிலிஷியாவில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, 1877-ல் 24-வது காலாட்படை ரெஜிமெண்டில் சேர்ந்தார். நன்னடத்தைக்கான கூடுதல் சம்பளம் பெற்றவர். மதுவைத் தொடாதவர்.

சண்டை நாளன்று அவர் நோயாளி அல்ல, நோயாளிகளுக்குச் சமையல்காரர். எதிரிகள் வரும் செய்தி கிடைத்தபோது டீ போட்டுக்கொண்டிருந்தார். கூரைக் கட்டடமான ஆஸ்பத்திரி தீப்பற்றியது. ஜான் வில்லியம்ஸ் என்ற சிப்பாய் அறைக்கு அறை சுவரை இடிக்க, ஹூக் துப்பாக்கி ஈட்டியோடு வழியை மறித்து நின்றார். எட்டு நோயாளிகளை ஒரு சிறிய ஜன்னல் வழியாக வெளியேற்றினார்கள். விருது அறிவித்த அரசிதழிலேயே இது இருக்கிறது. ஹூக்குக்குத் தலையில் ஈட்டிக்காயம். அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ம் தேதி, அதே இடத்தில், விக்டோரியா கிராஸ் பதக்கத்தை ஜெனரல் வூல்ஸ்லி அவருக்கு அணிவித்தார்.

1880-ல் பட்டாளத்தை விட்டார். பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தில் புத்தகங்களுக்குத் தூசி தட்டும் வேலை. அப்புறம் பார்வையாளர்களின் குடைகளையும் கோட்டுகளையும் வாங்கி வைக்கும் வேலை. காசநோய் முற்றி, 1904 கடைசியில் வேலையை விட்டு ஊர் திரும்பினார். 1905 மார்ச் 12-ல் 54-வது வயதில் காலமானார். பிறந்த ஊரான சர்ச்சம் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம்.

இங்கிலாந்தில் தேவாலயங்கள் 1538 முதல் அடக்கப் பதிவேடு வைத்து வருகின்றன. 1813 முதல் அச்சடித்த படிவம்: பெயர், வசித்த இடம், அடக்கம் செய்த தேதி, வயது, பாதிரியாரின் கையெழுத்து. வீரத்துக்கென்று அதில் கட்டம் கிடையாது. 1837 முதல் சர்க்காரும் தனியாக மரணத்தைப் பதிந்தது. அதில் தொழில், மரண காரணம், தகவல் தந்தவர் பெயர் எல்லாம் உண்டு. இவை யாரையும் புகழ எழுதப்பட்டவை அல்ல. அதனால்தான் பிற்காலத்தில் அவற்றை நம்ப முடிகிறது.

படம் வந்தபோது ஹூக்கின் பெண்கள் வயோதிகர்கள். தகப்பனாரை இப்படிக் காட்டியதைப் பொறுக்காமல் பாதியில் எழுந்து போனார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் வேறென்ன செய்ய முடியும்? இறந்தவருக்காக மானநஷ்ட வழக்குப் போட இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை. அவருக்காகச் சாட்சி சொன்னவை பழைய காகிதங்கள்தான். இன்று அந்தச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் படத்தின் ஹூக் வேறு, நிஜ ஹூக் வேறு என்று மறக்காமல் குறிப்பிடுகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 17 பேர். அவர்களுக்கு அங்கே பெயர் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது. தங்கள் மண்ணுக்காகப் போரிட்ட ஸூலுக்களில் சுமார் 350 பேரைக் குழிகளில் மொத்தமாகப் புதைத்தார்கள். அவர்களுக்குப் பதிவேடு இல்லை. அவர்களில் ஒருவரைப் பற்றி நாளை யாராவது தவறாகப் படம் எடுத்தால், மறுக்க ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

நம் வீட்டு நிலைமை என்ன? பல வீடுகளில் கொள்ளுத்தாத்தாவின் திதி தெரியும். எந்த வருஷம் என்று தெரியாது. கொள்ளுப்பாட்டி எந்த ஊரில், எந்த வியாதியில் போனாள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. நம் நாடு முழுவதும் பிறப்பு இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையைப் பற்றி நாம் அறிந்ததை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே, வீடு திரும்பியதும் ஒரு நோட்டை எடுங்கள். பெரியவர்களின் முழுப் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, காலமான வருஷம், எதனால் என்று எழுதுங்கள். புகழ்ச்சி வேண்டாம். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பேரன் பேத்திகள் டெல்லியிலோ மும்பையிலோ எங்கே இருந்தாலும், ஒரு பிரதி அவர்களுக்கும் அனுப்புங்கள்.