எந்தக் கதவு எங்கே திறக்கும்?



வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் ஊர்க் காரியம் ஒன்றை முடிக்க வேண்டுமானால், முன்பெல்லாம் விடுமுறை எடுத்துக்கொண்டு ரயிலேற வேண்டியிருந்தது. இன்று வரி செலுத்துவது, சான்றிதழுக்கு மனுச் செய்வது முதலியவை பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே, இணையத்தின் வழியாக நடந்தேறுகின்றன. இந்தச் சௌகரியத்தினூடே சிறியதோர் இடர் மறைந்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

நமக்கு உத்தியோகம் தில்லியில். மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி. சொந்த ஊர் எருத்தேன்பதி. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டித் தமிழ் மக்கள் வாழும் ஊர் அது. சென்ற விடுமுறையில் அங்கிருந்தபோது, அண்ணன் மகள் கல்வி உதவித்தொகைக்குக் கணினியில் மனு எழுதிக்கொண்டிருந்தாள். அன்றுதான் கடைசி நாள். பாதிக்கு மேல் நிரப்பியபின் வருமானச் சான்றிதழ் பற்றி ஓர் ஐயம் எழுந்தது. ‘விதிமுறைகளைக் காண்க’ என்று நீல நிறத்தில் ஓர் இணைப்பு இருந்தது. அதைச் சொடுக்கினாள்.

சற்று முன்னர் அதே பக்கத்தில் அவள் சொடுக்கிய வேறோர் இணைப்பு, பேச்சு வழக்கில் ‘டேப்’ என்று சொல்லப்படும் புதிய தாவலில் திறந்தது; மனு பழைய தாவலில் பத்திரமாக இருந்தது. இம்முறையோ மனு இருந்த இடத்திலேயே விதிமுறைகள் வந்து அமர்ந்தன. பின்செல்லும் அம்புக்குறியை அழுத்தினாள். மனுத்தாள் திரும்பி வந்தது, எழுதியவை வரவில்லை. “சித்தப்பா, எல்லாம் போயிடுச்சுங்க!” என்றாள். மறுபடியும் முதலிலிருந்து எழுதி, இரவு பதினொரு மணிக்கு மேல்தான் மனுவை அனுப்ப முடிந்தது.

தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இணைப்புகள் நடத்தையில் வேறுபடுவானேன்? இணைப்பு எங்கே திறக்க வேண்டும் என்பதைப் பக்கத்தை அமைத்தவர் குறிப்பிடலாம். குறிப்பு இல்லையேல் அது அதே தாவலில் திறக்கும். ‘இலக்கு’ எனப் பொருள்படும் ‘டார்கெட்’ என்ற குறிப்பைச் சேர்த்து, புதிய இடம் என்று சொல்லிவிட்டால் புதிய தாவலில் திறக்கும். ஒரே தளத்தின் பகுதிகளைப் பலர், பல காலங்களில் அமைக்கும்போது, ஒருவர் குறிப்பைச் சேர்க்கிறார், மற்றொருவர் விட்டுவிடுகிறார். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே நீல எழுத்துத்தான்.

இதில் வல்லுநர்களும் ஒருமனப்பட்டதில்லை. 1997-ல் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 விதிகளின் கண்டிப்பான வடிவில் இந்தக் குறிப்புக்கு இடமில்லை. 2014-ல் நிறைவெய்திய ஐந்தாம் பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது. புதிய தாவலிலும் தொல்லை உண்டு. அங்கே பின்செல்லும் அம்புக்குறி வேலை செய்யாது. வந்த வழி தெரியாமல் முதியவர்கள் திகைப்பார்கள்; திரையைப் பார்க்க இயலாதார் இன்னும் திகைப்பார்கள். ஆகவே, எங்கே திறக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவதே மரியாதை.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘புதிய சாளரத்தில் திறக்கும்’ என்ற சிறு குறிப்பு நம் மேசைக்கு மொழிபெயர்ப்புக்காக வந்ததுண்டு. பொருளுக்கு அது உபரி என்று கருதி, சில வேளைகளில் விட்டுவிட்டோம். அந்த மூன்று சொற்கள் இன்னொரு வீட்டுப் பெண்ணின் ஒரு நாள் உழைப்பைக் காத்திருக்கக் கூடும் என்று அன்றிரவுதான் உணர்ந்தோம். எல்லையோரத்துப் பேருந்துக்குக்கூட நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது, ஏறுமுன் படித்துக்கொள்கிறோம். இணைப்புக்கும் அந்தப் பலகை வேண்டும். இப்போது அச்சொற்களை நாம் விடுவதில்லை.

பலகை இல்லாத இடத்தில் நேயர்கள் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். கணினியில் ‘கன்ட்ரோல்’ விசையை அழுத்தியபடி சொடுக்கினால், பெரும்பாலான இணைப்புகள் புதிய தாவலில் திறக்கும். சுட்டியின் நடுச் சக்கரத்தை அழுத்தினாலும் அவ்வாறே. கைபேசியில் இணைப்பின்மீது விரலைச் சற்று நேரம் ஊன்றினால், புதிய தாவலில் திறக்கவா என்று கேட்கும். படித்து முடித்ததும் அந்தத் தாவலை மூடிவிட்டால் பழைய பக்கம் காத்திருக்கும். சில இணைப்புகள் இவற்றுக்கும் கட்டுப்படா. ஆதலால் நீண்ட மனுவாயின், சேமிக்கும் பொத்தான் இருந்தால் அடிக்கடி சேமியுங்கள். விதிமுறைகளை எழுதத் தொடங்குமுன்பே படித்துவிடுங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, இவ்வொரு பழக்கத்தையும் சொல்லிவைப்பீர்களாக.