பாரக்பூரில் ஒரு அனுமார் கோயில்

கொல்கத்தா சியால்டா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாரக்பூர். மங்கள் பாண்டே பூங்கா, காந்தி கட்டம், கவர்னர் ஜெனரல்கள் ஓய்வெடுத்த மாளிகை, இவையெல்லாம் நேயர்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தாண்டி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்ன அனுமார் கோயிலுக்குப் போகலாம், வாருங்கள். கடைத்தெருவில் பிரியாணி மணக்கும். பெரிய உருளைக்கிழங்கு போட்ட வங்காளப் பிரியாணி. பிரியாணியில் உருளைக்கிழங்கா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்!

கோயிலுக்குப் பெயர் பிந்தா பாபா கோயில். பிந்தா பாபா சாமியார் இல்லை, நேயர்களே. பிந்தா திவாரி என்ற சிப்பாய்.

கதை 1824-இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மாமீது போர் தொடுத்தது. ரங்கூனுக்குக் கப்பலில் போன படையில் மதராஸ் சிப்பாய்கள் ஏராளம். நம் பக்கத்து ஆட்கள் கப்பலேறத் தயங்கவில்லை. வங்காளப் படையில் உயர்சாதிக்காரர்கள் அதிகம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று அஞ்சியவர்கள். அதனால் அவர்களைத் தரைவழியாகச் சிட்டகாங்குக்கு நடத்திக் கூட்டிப்போக உத்தரவு வந்தது. 26, 47, 62 ஆகிய எண்கள் கொண்ட மூன்று படைப்பிரிவுகளும் மதுராவிலிருந்து ஆயிரம் மைல் அளவு நடந்து பாரக்பூருக்கு வந்து சேர்ந்திருந்த நேரம் அது.

இங்கேதான் மூட்டை விவகாரம் வருகிறது. வங்காளச் சிப்பாய் தன் சோற்றைத் தானே பொங்குவார். அதற்கான பித்தளைப் பாத்திரங்களைப் படுக்கைக்குள் சுருட்டி வைத்திருப்பார். முதுகில் கம்பெனி கொடுத்த பை, தோளில் துப்பாக்கி, தோட்டா. இவற்றோடு படுக்கைச் சுருட்டையும் சுமக்க முடியாது; அதற்கு மாடு வேண்டும். மாட்டுக்குக் கூலி சிப்பாயின் சொந்தப் பணம். மாதச் சம்பளம் ஏழு ரூபாய். போருக்காக மாடுகளையெல்லாம் வாங்கித் தள்ளியதில் விலை ஏறிக் கிடந்தது. மாடு கிடைப்பதே அரிது. பர்மாவைப் பிடிக்கும் ஆசை கம்பெனிக்கு, வண்டிச் செலவு ஏழு ரூபாய்க்காரனுக்கு! இந்த அநியாயத்தைப் படிக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போதாததற்கு, மே மாதம் ராமு என்ற இடத்தில் கம்பெனிப் படை பர்மியரிடம் தோற்ற செய்தியும் பரவியிருந்தது. கடைசியில் எப்படியாவது கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்ற சந்தேகம் வேறு. 47-ஆம் படைப்பிரிவு கிளம்ப மறுத்தது. மற்ற இரண்டிலிருந்தும் சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். மனுவும் எழுதிக் கொடுத்தார்கள்.

தளபதி சர் எட்வர்ட் பேஜட் மனுவுக்குப் பதிலாக வெள்ளைக்காரப் படையையும் பீரங்கிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார். நவம்பர் 2 காலை. ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னார்; சிப்பாய்கள் அசையவில்லை. பீரங்கி வெடித்தது. சிப்பாய்கள் சிதறி ஓடினார்கள். ஹூக்ளியில் குதித்து மூழ்கியவர்களும் உண்டு. அவர்கள் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் குண்டே போட்டிருக்கவில்லை. சண்டை போட வந்தவர்கள் அப்படியா வந்து நிற்பார்கள்?

தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவரான பிந்தா திவாரியின் உடலைச் சங்கிலியில் கட்டி, எல்லாரும் பார்க்கட்டும் என்று தொங்கவிட்டார்கள். 47 என்ற எண்ணையே படைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். கம்பெனி தூக்கிலிட்ட பிந்தாவை ஊர்க்காரர்கள் கோயிலில் வைத்துக் கும்பிட்டார்கள்.

போர் 1826-இல் முடிந்தது. அரக்கானும் தெனாசெரிமும் கம்பெனி கைக்குப் போயின. அசாமும் கூடவே போயிற்று. சிப்பாயின் குறை மட்டும் அப்படியே கிடந்தது. 1856-இல் அரசு ஒரு புதுச் சட்டம் போட்டது: வங்காளப் படையில் இனிப் புதிதாகச் சேர்பவர் எவரும், எங்கே அனுப்பினாலும், கடல் கடந்தும் போகச் சம்மதித்தாக வேண்டும். அடுத்த ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி, இதே பாரக்பூரில் 34-ஆம் படைப்பிரிவின் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார்.

ஆற்றங்கரை வரை நடந்து, படகேறி எதிர்க்கரையில் டேனியர்களின் செராம்பூரையும் பார்த்திருக்கலாம். கோயில் கதையே நேரத்தை எடுத்துக்கொண்டது, நேயர்களே. போகிறவர்கள் படகுத்துறைக்கும் ஒரு நடை போய்வாருங்கள், பிரியாணியையும் மறந்துவிடாதீர்கள்.