படிப்புரையும் அரங்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டரைப் பத்தி பத்து நிமிஷம் பேசும் வே, ஆனா எங்களுக்கு விளங்குத மாதிரி பேசும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விளங்குகிற மாதிரி சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தப்பில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

2015-ல் நம் சங்கம் ஒரு மலர் வெளியிட்டது. உங்களில் பலர் வீட்டு அலமாரியில் இப்போதும் இருக்கும். அதன் கடைசிப் பக்கங்களில் உறுப்பினர் முகவரிப் பட்டியல். பெயர், படித்த வருஷம், வீட்டு முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி, ரத்த வகை, பிள்ளைகள் பெயர், அவர்கள் வேலை பார்க்கும் ஊர் எல்லாம் அதில் உண்டு. தொகுத்தவன் நான்தான். கொட்டாரத்தில் என் வீட்டு மேஜையில் இருந்து இரண்டு மாதம் டைப் அடித்தேன். மேடையில் பொன்னாடையும் போட்டீர்கள். பிறகு வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார் என்று அதன் பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். அங்கிருந்து அது எந்தெந்தக் குழுவுக்குப் போயிற்று என்பதற்குக் கணக்கில்லை.

2024-ல் நம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கு வீடியோ கால் வந்தது. (இதைச் சொல்லச் சொன்னவரும் அவர்தான், பெயரைச் சொல்லாதே என்றவரும் அவர்தான்.) போலீஸ் உடுப்பில் ஓர் ஆள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமரா முன்னால் இருந்து எழும்பக்கூடாது என்றிருக்கிறான். சார் முதலில் நம்பவில்லை. ஆனால் அந்த ஆள் சாருடைய பிறந்த தேதியைச் சொன்னான். வீட்டு முகவரியைச் சொன்னான். மகள் பெயரைச் சொன்னான், அவள் வேலை பார்க்கும் ஊரையும் சொன்னான். அதோடு சார் தளர்ந்துவிட்டார். ஆறு மணிக்கூர் அப்படியே இருந்திருக்கிறார். சாயா குடிக்கக்கூட எழும்பவில்லை. மோர் கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்காதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கி அணைத்தார்கள். பணம் போகவில்லை. மறுநாள் சார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என் மக பேரு அவனுக்கு எப்படிடே தெரிஞ்சுது?"

நம் பட்டியலில் இருந்துதான் போனது என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அன்று ராத்திரி எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது செய்ய மாட்டார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் படிப்புரை உண்டு, அரங்கும் உண்டு. படிப்புரையில் யாரும் வந்து இருக்கலாம், தபால்காரர், வழிப்போக்கர், கட்சிக்காரர் எல்லோரும். அரங்கில் நகையும் பத்திரமும் இருக்கும், சம்பந்தக்காரர் வந்தால்கூட அங்கே நுழைவதில்லை. நான் செய்தது என்னவென்றால், நானூறு வீட்டு அரங்கில் இருந்ததை எடுத்துப் படிப்புரையில் பரப்பி வைத்தேன். அதில் என் வீடு ஒன்றுதான். மற்றதைக் கொடுக்க எனக்கு யார் உரிமை தந்தார்கள்?

இதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். ஏதோ ஒரு செயலி 'காண்டாக்ட்ஸ்' பார்க்க அனுமதி கேட்கும், நீங்களும் யோசிக்காமல் சரி என்று அழுத்துவீர்கள். மக்கா, உன் போனில் இருக்கும் நம்பர் உன்னுடையது இல்லை, எங்க எல்லாருடையதும். டார்ச் லைட் செயலிக்கு என் நம்பர் எதற்கு? கடன் தருகிறோம் என்று வரும் செயலிகள் இந்த வழியாகத்தான் சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு மானத்தை வாங்குகின்றன.

அந்தப் பட்டியலை அடித்த கம்ப்யூட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இருந்தது திருட்டு விண்டோஸ். முந்நூறு ரூபாய்க்கு ஒரு பையன் போட்டுத் தந்தான். போடுவதற்கு முன்னால், "ஆன்டிவைரஸை நிறுத்திடுங்க அண்ணாச்சி, இல்லேன்னா ஏறாது" என்றான். காவக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. பூட்டை உடைத்துத் தந்தவன் உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனான் என்று யார் கண்டது? நம் எல்லோருடைய விவரமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

இதற்கு மாற்று நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. 1956 வரைக்கும் நமக்குத் தலைநகரமாக இருந்த திருவனந்தபுரத்தில், 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தவர் அவர். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகள்தான் அவர் கொள்கை. கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பாடம் இன்று கட்டற்ற மென்பொருளை வைத்துத்தான் நடக்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளை லினக்ஸ் ஓட்டுகிறது. இந்தப் பக்கமும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்த மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்ம பிள்ளைகள் பலர் வாங்கின வாரமே அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாவை நிரப்பினார்கள். என் மகனும்தான்.

கட்டற்றது என்றால் வெறும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா கிடைக்கிற எத்தனையோ செயலிகள் நம் விவரத்தை விற்றுத்தான் பிழைக்கின்றன. இதில் உள்ளே இருப்பது திறந்து கிடக்கிறது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, ஆனால் தெரிந்தவர்கள் உலகம் பூரா இருக்கிறார்கள், கள்ளத்தனம் செய்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்த வித்தியாசம் பெரிது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறவும் செய்யாது. அதற்காக நல்ல பெட்டியை ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள். லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். என்னிடம் உள்ள 4 ஜி.பி. மடிக்கணினியில் அது ஓடுகிறது. பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே எதையும் அழிக்க வேண்டாம். பிடித்தால் மட்டும், படங்களையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம். கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். கடையில் டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்கள் மாற வேண்டாம். சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும்.

விண்டோஸை விட மனமில்லாதவர்களும் லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், வி.எல்.சி. மூன்றையும் போட்டுக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற இணைப்பைச் சேர்த்தால் நம்மைப் பின்தொடரும் விளம்பரங்களில் பெரும்பகுதி நின்றுவிடும். எதையும் அதனதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். கடவுச்சொல்லைச் சேர்த்துவைக்க கீபாஸ் எக்ஸ்.சி. இருக்கிறது. அதெல்லாம் முடியாது என்கிற பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். இதைச் சொன்னால் கம்ப்யூட்டர்காரர்கள் சிரிப்பார்கள். எல்லாக் கணக்குக்கும் பேரப்பிள்ளை பெயரையே கடவுச்சொல்லாக வைப்பதற்கு நோட்டு எவ்வளவோ மேல்.

இனி போன். நம்ம ஊரில் கல்யாணக் காகிதம் மஞ்சள் தடவி வீட்டுக்கு வரும். வாட்ஸ்அப்பில் படமாகவும் வரும். ஏ.பி.கே. கோப்பாக வராது. அப்படி வந்தால் அது வங்கிக் கணக்கைத் துடைக்க வந்த செயலி, தெரிந்தவர் நம்பரில் இருந்து வந்தாலும் தொடாதீர்கள். நகல் எடுக்கும் கடையில் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம், கோப்பு அங்கேயே கிடக்கிறது. கடைக்காரர் நல்லவர்தான், அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு எத்தனை பேர் வருகிறார்கள்? கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் ஒன்று உண்டு, பல இடங்களுக்கு அது போதும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தியில் பாருங்கள். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

"எங்களுக்கு வயசாயிட்டு, இதெல்லாம் இனி எதுக்கு?" என்று பின்வரிசையில் பேச்சு கேட்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி, ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குக் கொண்டுபோனது 2012-ல். அப்போது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த முறை மலருக்கு நான் அனுப்பிய படிவத்தில் பெயர், படித்த வருஷம், ஊர் மட்டும்தான் கேட்டிருந்தேன். போன் நம்பர் அச்சாக வேண்டுமென்றால் தனியாக டிக் அடிக்கச் சொன்னேன். "என்னவே, பட்டியல் இப்படி மெலிஞ்சு போச்சு" என்று நாலைந்து பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும். பழைய பி.டி.எஃப். உங்கள் போனில் இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் அறையில் இருப்பேன். மின்ட் ஏற்றிய பென்டிரைவ் எட்டு கொண்டு வந்திருக்கிறேன். மடிக்கணினி கொண்டு வந்தவர்கள் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.