விரல்நுனித் துளியும் வீட்டுக் கணக்கும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

இனிப்பு நீர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நீரிழிவு நோயைப் பற்றி அறியாத குடும்பம் இன்று தோட்டத்தில் இல்லை. 2019-ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசியச் சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிவித்தது. ஆகவே இது அடுத்த வீட்டாரின் கதையன்று. நம் வீட்டுக் கதையே ஆகும்.

இந்நோய்க்கு மருந்து உண்பது ஒரு பாதி. அம்மருந்து வேலை செய்கிறதா என்று அறிவது மறு பாதி. விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, பட்டையில் வைத்தால், சில நொடிகளில் அளவு தெரிகிறது. இவ்வசதி எளிதில் வந்துவிடவில்லை. 1970-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் வெளிவந்த முதல் அளவுமானி மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் பொறியியலாளர், தாமே நீரிழிவு நோயாளியாக இருந்தும், மருத்துவரான தம் மனைவியின் பெயரிலேயே அதனை வாங்க வேண்டியிருந்தது. அன்று தடையாக நின்றது விதி; இன்று தடையாக நிற்பது விலை.

அவ்விலை எங்கே மறைந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அளவுமானியை ஒரு முறை வாங்கினால் போதும். பட்டையை மாதந்தோறும் வாங்க வேண்டும். ஒரு மானியின் பட்டை மற்றொரு மானிக்குப் பொருந்தாது. எனவே மானி மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்வதற்கு முன், அதன் பட்டை என்ன விலை, நம் பட்டணத்துக் கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டறிதல் அறிவுடைமையாகும்.

எல்லாரும் ஒரே அளவில் சோதிக்க வேண்டுவதில்லை. முதல் வகை நீரிழிவுடைய பிள்ளை நாளொன்றுக்கு நான்கு முறையாவது சோதிக்க வேண்டும். மாதத்திற்கு 120 பட்டைகள். வீட்டில் சிக்கனம் செய்ய நேர்ந்தால், அப்பிள்ளையின் பட்டையில் கை வைத்தல் ஆகாது. மாத்திரை மட்டும் உண்ணும் பெரியவர், மருத்துவரின் ஆலோசனையோடு, திங்கட்கிழமை காலை உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும், புதன்கிழமை நண்பகல் உணவுக்கு முன்னும் பின்னும், வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு முன்னும் பின்னும் சோதிக்கலாம். வாரத்திற்கு ஆறு, நான்கு வாரத்திற்கு 24. இருபத்தைந்து பட்டைகள் கொண்ட ஒரு பெட்டி மாதம் முழுதும் தாங்கும். எந்த உணவு சர்க்கரையை ஏற்றுகிறது என்பதும் தெளிவாகும். உணவுக்கு முன் 4.4 முதல் 7 வரையிலும், உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் 8.5-க்கு மிகாமலும் இருத்தல் பலருக்கும் பொதுவான இலக்கு. எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோதிக்குமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவித் துடைத்தல் வேண்டும். பழச்சாறு ஒட்டிய விரல் பொய்யான உயர்வைக் காட்டும். பட்டைப் புட்டியை இறுக மூடி வையுங்கள். ஈரக்காற்று அதனைக் கெடுக்கும். குத்தூசியை மட்டும் ஒருபோதும் பிறரோடு பகிராதீர்கள். இரத்தத்தின் வழியே ஈரல் நோய்க் கிருமிகள் பரவும்.

விடியுமுன் வெறும் வயிற்றோடு பெரட்டுக்குச் செல்லும் தொழிலாளர்க்கு ஒரு சொல். இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் மரம் சீவினால், சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கக்கூடும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். வெட்டுக்காட்டுக்குச் செல்லும்போது பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இனி உதவி எங்கே என்று பார்ப்போம். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் குடிமக்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் கண்டு, இரத்தம் சோதித்து, மருந்தும் பெறலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ. ஒன் சி சோதனையை அங்குக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பட்டை வாங்க இயலாதவர்க்கு இதுவே பெருந்துணை. நாற்பது வயதைக் கடந்த, குறைந்த வருமான உதவித் தொகை பெறுவோர்க்கும் அவர்தம் துணைவர்க்கும் 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இலவசப் பரிசோதனை வழங்குகிறது. சொக்சோ சந்தாதாரர்க்கும் நாற்பது வயது முதல் பரிசோதனைத் திட்டம் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணி அதிகாரிகள் இருக்கின்றனர். பிள்ளைக்குப் பட்டை வாங்க வழியில்லையெனில், வெட்கப்படாமல் அவர்களை அணுகி விண்ணப்பியுங்கள்.

கையில் ஒட்டிக்கொள்ளும் உணரிக் கருவியைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். பதினான்கு நாளுக்கு ஒன்று மாற்றும் வகையில் ஆண்டுக்கு 26 வேண்டும். இங்கிலாந்தில் முதல் வகை நோயாளர்க்கு அரசுச் செலவில் அது கிடைக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் சொந்தப் பணத்திலேயே வாங்க வேண்டியுள்ளது. ஆனால் 2022-இல் உலகச் சுகாதார மாநாடு, 2030-க்குள் முதல் வகை நோயாளர் அனைவர்க்கும் கட்டுப்படியாகும் இன்சுலினும் சுயசோதனை வசதியும் கிட்ட வேண்டும் என இலக்கு வகுத்துள்ளது. ஆகையால் இதனைக் கேட்பது பிச்சை கேட்பதன்று. தோட்டத்தில் பட்டை தேவைப்படுவோர் எத்தனை பேர், மாதம் எத்தனை வேண்டும் என்று பட்டியலிட்டு, சங்கக் கூட்டத்திலும் நிருவாகத்திடமும் மக்கள் பிரதிநிதியிடமும் முன்வையுங்கள். தனியொருவர் முறையீட்டினும் எண்ணோடு கூடிய பட்டியலுக்கு வலிமை அதிகம்.

அறியாமல் இழந்த காலும் கண்ணும் மீண்டும் வாரா. அறிந்து காத்துக்கொள்ளும் வழியில் நாம் அனைவரும் இணைந்து நடப்போமாக.